நடக்க மறுத்த அம்மாவும் அறைக்குள் ஓடும் விளையாட்டும்

“நாளுக்கு அரை மணித்தியாலம் நடவுங்கோ அம்மா” என்று கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார்கள். அம்மாவுக்கு நீரிழிவு. முழங்கால் வலியும் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அவரது பதில் ஒன்றுதான்: “நான் நடந்த நடை இந்தப் பிறவிக்குக் காணும் பிள்ளை.”

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த சனத்தோடு, என்னைத் தூக்கிக்கொண்டு நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தவர் அவர். அப்படி நடந்தவர்களுக்கு நடை ஒரு உடற்பயிற்சியாகத் தெரிவதில்லை. போதாததற்கு இன்றைய வீதியில் நாய்கள், வேகமாக வரும் மோட்டார் சைக்கிள்கள், “எங்க போறியள்?” என்ற விசாரிப்புகள். ஜிம்முக்குப் போவது பற்றி அவர் வயதுப் பெண்களிடம் பேசவே முடியாது.

ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வந்த சித்தி, தன் மகன் விளையாடாமல் விட்ட பெட்டியொன்றைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே ஒரு நிண்டெண்டோ சுவிட்ச் கருவியும், 2019 ஒக்டோபரில் வெளிவந்த ‘ரிங் ஃபிட் அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டும் இருந்தன.

இது இயங்கும் விதம் எளிது. கைக்கு ஒரு வளையம், தொடையில் கட்ட ஒரு பட்டி. இரண்டிலும் சிறிய கட்டுப்படுத்தி ஒவ்வொன்று பொருத்தப்படும். அவற்றிலுள்ள உணரிகள் உடலின் அசைவையும் சாய்வையும் அளக்கின்றன. வளையத்தை எவ்வளவு பலமாக அமுக்குகிறோம், இழுக்கிறோம் என்பதும் பதிவாகும். நின்ற இடத்தில் ஓடினால் தொலைக்காட்சித் திரையில் கதைநாயகர் ஓடுவார். குந்தி எழும்பினால் எதிரே நிற்கும் பூதத்துக்கு அடி விழும். சரியாகச் செய்தால் புள்ளி கூடும்.

முதல் நாள் அம்மா சிரித்தார். இரண்டாம் நாள் கதவைச் சாத்தச் சொன்னார். மூன்றாம் நாள் பத்து நிமிடம் நின்று பிடித்தார். கதவைச் சாத்தக்கூடியதாக இருந்ததுதான் அவரை அந்தப் பத்து நிமிடத்துக்குக் கொண்டுவந்தது என்று நினைக்கிறேன்.

விளையாட்டால் உடம்பை அசைக்கும் எண்ணம் புதிதல்ல. 1998இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம், அம்புக்குறிகளை மிதித்து ஆடும் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ விளையாட்டை வெளியிட்டது. பின்னர் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலம் அதைப் பாடசாலை உடற்கல்வியில் சேர்த்தது. 2007இல் வந்த ‘வீ ஃபிட்’ விளையாட்டின் சமநிலைப் பலகையை, பல நாடுகளில் இயன்மருத்துவர்கள் நோயாளிகளின் சமநிலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள்.

இவற்றால் உண்மையில் பலன் உண்டா? ரொறன்ரோ மருத்துவர் குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில் பக்கவாதம் வந்த 141 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2016இல் ‘லான்செட் நியூரொலொஜி’ இதழில் வெளியானது. வழமையான சிகிச்சையோடு ஒரு பகுதியினர் வீ கருவியில் விளையாடினர். மற்றவர்கள் சீட்டு, பிங்கோ, பந்து போன்ற சாதாரண விளையாட்டுகளில் ஈடுபட்டனர். இரு பகுதியினரின் கை இயக்கமும் முன்னேறியது. ஆனால் கருவியில் விளையாடியவர்கள் மற்றவர்களை விட அதிகம் முன்னேறவில்லை.

எங்களுக்கு இது முக்கியமான செய்தி. அமெரிக்காவில் சுவிட்ச் கருவி வெளிவந்தபோது அதன் விலை 300 டொலர், ரிங் ஃபிட்டின் விலை 80 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று கணக்கிட்டாலே ஒரு இலட்சத்து 14 ஆயிரம் ரூபா. வெளிநாட்டில் உறவு இல்லாத வீட்டுக்கு இது எட்டாது. ஆனால் அந்த விளையாட்டு தருவதில் பெரும்பகுதியைக் காசில்லாமலும் பெறலாம்: ஒவ்வொரு நாளும் ஒரு சிறிய இலக்கு, செய்ததைக் காட்டும் கணக்கு, யாரும் பார்க்காத இடம், கொஞ்சம் சிரிப்பு. கைபேசியில் ஒரு பயிற்சிக் காணொளி, கொப்பியில் ஒரு கணக்கு, வளவுக்குள் இரண்டு பேர் துணை என்றாலே தொடங்கலாம். இளையவர்களுக்குக் கிளித்தட்டை விட நல்ல ஓட்டப் பயிற்சி எது?

எவ்வளவு செய்ய வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடல் அசைவு தேவை. இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுத்தரும் பயிற்சி வேண்டும். நாட்பட்ட நோயுள்ளவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான பரிந்துரைகளும் அதில் உள்ளன. முழு அளவை எட்ட முடியாவிட்டாலும், கொஞ்சமாவது அசைவது சும்மா இருப்பதை விட நல்லது என்றே அது சொல்கிறது.

சில எச்சரிக்கைகள் உண்டு. நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சீனி அளவு இறங்கக்கூடும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்தி இனிப்பாக ஏதாவது எடுக்க வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலோடு துள்ளக்கூடாது; முடிந்ததும் பாதங்களைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி வந்தால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். தொடையில் பட்டி கட்டி ஓடச் சொல்லும் இந்த விளையாட்டு, இரண்டு கால்களும் உள்ள உடம்பை நினைத்தே செய்யப்பட்டது. முழங்கால் வலியுள்ளவர்களுக்கு இலகுவாக்கும் வசதி இருக்கிறது. ஆனால் கால் இழந்தவர்களும், உடம்பில் ஷெல் துண்டுகளோடு வாழ்பவர்களும் தாமாகத் தொடங்காமல் முதலில் மருத்துவரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்பது நல்லது. செயற்கைக் கால் பாவிப்பவர்கள், அதைப் பொருத்திய நிலையத்தில் எந்த அசைவு தங்களுக்குப் பொருந்தும் என்று கேட்கலாம்.

அண்மையில் ஒரு பின்னேரம் அம்மா விளையாடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு மாமியும் வந்திருந்தார். திரை இருண்டதும் இருவரும் போய் இருந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். “எத்தினையில விட்டனாங்கள்?” என்று மாமி கேட்டார். “பதினொன்று” என்றார் அம்மா. விறாந்தையில் நின்று, பன்னிரண்டிலிருந்து வாயால் எண்ணிக்கொண்டே மிச்சத்தைச் செய்து முடித்தார்கள்.