வீட்டோடு பத்தியம்

"எங்கள் வம்சத்திலேயே இல்லாத நோய் உனக்கு எப்படி வந்தது?"

கர்ப்பிணிக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னவுடன், நம் இல்லங்கள் பலவற்றில் எழும் முதல் கேள்வி இதுதான். இக்கேள்விக்கு அஞ்சியே நோயை மறைக்கும் பெண்களும் உண்டு. மறைப்பதோ தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியில் சுரக்கும் நீர்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதை ஈடுகட்ட உடலால் இயலாதபோது சர்க்கரை உயர்கிறது. இதில் அவள் செய்த குற்றம் என்ன? கவனியாது விட்டால் குழந்தை அளவுமீறிப் பருக்கலாம், பிரசவம் சிக்கலாகலாம்.

75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்வர். பலருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியுமே போதும். சிலருக்கு இன்சுலின் தேவைப்படும்; அது குழந்தைக்குக் கேடு செய்வதில்லை.

என்னிடம் ஓத வரும் சிறுவன் ஒருவன் சொன்னான்: "உம்மாவுக்குச் சர்க்கரை. அதனால் வீட்டில் எல்லோருக்குமே பத்தியம்தான், ஹஜ்ரத்!" அவனுடைய பாட்டியார் இரண்டு சமையலை நிறுத்திவிட்டாராம். சோற்றைக் குறைத்து, காய்கறியும் பயறும் மிகுதியாக்கி, அனைவரையும் ஒரே ஸஹனில் அமர்த்திவிட்டாராம். இரவு உணவுக்குப் பின் வாப்பா உம்மாவோடு நடக்கிறாராம். மருமகள் தனியே கசப்பை விழுங்காதபடி காத்த அந்த மாமியாரை எண்ணி மகிழ்ந்தேன்.

ஆனால் பல வீடுகளில் "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று நெய்ச்சோற்றையும் ஹல்வாவையும் அன்போடு ஊட்டுகிறோம். ஏழாம் மாதச் சீரில் இனிப்புக்குப் பதில் பழமும் பாதாமும் அளவோடு வைத்தால் சம்பந்தியின் மரியாதை குறைந்துவிடுமா? ரமளானில் நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் மார்க்கம் சலுகை அளித்திருக்க, மருத்துவர் தடுத்தபின் நோன்பு வைக்குமாறு நாம் வற்புறுத்தலாமா?

ஜமாஅத்தாருக்கும் கடமை உண்டு. பெண்கள் பயானுக்கு ஒருமுறை செவிலியரை அழைக்கலாம். வசதியற்ற கர்ப்பிணி சோதனைக்குச் சென்றுவர வாகனம் ஏற்பாடு செய்யலாம்.

பிரசவத்தோடு சர்க்கரை பெரும்பாலும் தணிந்துவிடும். பிற்காலத்தில் நிலையான நீரிழிவாகத் திரும்பும் வாய்ப்பும் உண்டு. ஆகவே 6 வாரத்தில் மீண்டும் சோதிக்கச் சொல்கிறார்கள். நாற்பது கழிந்து குளித்த கையோடு குழந்தைக்குப் புத்தாடை எடுக்கப் புறப்படும் கணவரே, முதலில் தாயைச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.