முற்றத்தை நடுவில் வைத்த நவீன வீடு

இயற்கையோடு இணைந்த நவீன வீடு என்றதும் பலரும் கேட்பது தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிச் சுவர். மரம் கண்ணுக்குத் தெரியும். அதன் காற்று வீட்டுக்குள் வராது. நம் வெயிலில் அந்தக் கண்ணாடி வெப்பத்தை உள்ளே விட்டுப் பூட்டிவைக்கும். பிறகு பகலெல்லாம் ஏ.சி. ஓடியாக வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊருக்கு ஏற்ற நவீன வீடு எப்படி இருக்கும் என்பதற்கு 1962லேயே கொழும்பில் ஒரு விடை எழுந்து நின்றது.

கட்டியவர் ஜெஃப்ரி பாவா. வழக்கறிஞராக இருந்து, கட்டடக்கலை படித்து, 38 வயதில் கட்டடக் கலைஞரானவர். பாத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவும் அவர் கணவரும் வீடு கட்ட அவரை நாடினார்கள். அன்றைய கொழும்பில் மனையின் நடுவில் பங்களாவை வைத்துச் சுற்றிலும் தோட்டம் விடுவதுதான் வழக்கம். மனை சிறிதானால் அந்தத் தோட்டம் நான்கு பக்கமும் ஒல்லியான சந்தாகச் சுருங்கிவிடும். உட்காரவும் முடியாது, மரமும் வளராது. பாவா அதைத் தலைகீழாக்கினார். அறைகளை மனையின் ஓரங்களுக்குத் தள்ளினார். நடுவில் பெரிய முற்றம், இன்னும் சில சிறு முற்றங்கள், அவற்றைச் சுற்றித் தாழ்வாரங்கள். தெருவுக்கு மதில், உள்ளே வானமும் மரமும்.

அழகுக்காக மட்டும் செய்ததல்ல இது. முற்றத்தில் சூடேறிய காற்று மேலே போக, நிழலில் இருக்கும் தாழ்வாரக் காற்று அறைகள் வழியே நகர்கிறது. ஓட்டுக் கூரை சுவரைத் தாண்டி நன்றாக நீண்டிருப்பதால் அடைமழையிலும் கதவைத் திறந்தே வைக்கலாம். என்னைக் கேட்டால், அந்த வீட்டின் உண்மையான கெட்டிக்காரத்தனம் அந்த நீண்ட கூரைதான். அப்போது இலங்கையில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. உள்ளூர்க் கல், மரம், சுட்ட ஓடு ஆகியவற்றையே பெரிதும் நம்பிக் கட்டினார்கள். கண்ணாடிக்கு அங்கே வேலையே இல்லை.

பின்னாளில் அந்த மனை கைமாறியது. 2009 முதல் வீட்டைப் பிரித்து, பகுதிகளுக்கு எண் போட்டு, பாவாவின் லுணுகங்கை தோட்டத்துக்குக் கொண்டுபோய் மறுபடி எழுப்பினார்கள். அங்கேயும் அது பொருந்தி நிற்கிறது. சுற்றுப்புறத்தை வெளியே தேடாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்ட வீடு அல்லவா?

பக்கவாட்டில் இடம் விடவேண்டும் என்ற விதி இருக்கும் நம் ஊர்களில் இதை அப்படியே நகலெடுக்க முடியாது. ஆனால் வீட்டுக்குள் எட்டடிக்கு எட்டடி வானம் திறந்த முற்றத்துக்கு இடம் காணலாம். ஒன்றரை அடி சன்ஷேடை மூன்றடி ஆக்கலாம். மேற்குச் சுவரை ஒட்டிப் படுக்கையறைக்குப் பதில் மாடிப்படியையும் குளியலறையையும் வைக்கலாம். மனையில் வேம்போ புங்கனோ நின்றால், ஜே.சி.பி. வருவதற்கு முன்பே அதை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பொறியாளர் பிளான் போட்டு முடித்த பிறகு கேட்டால், மரம் இருந்த இடத்தில் கார் ஷெட் வந்திருக்கும்.