கள்ளிச்செடிக்கும் கடத்தல்காரர்கள்! ஒரே வீட்டில் ஆயிரம் செடி சிக்கியது

தங்கம் கடத்துவார்கள், கஞ்சா கடத்துவார்கள். கள்ளிச்செடியைக் கடத்துவார்களா? கடத்தினார்கள்!

இத்தாலி நாட்டில் செனிகாலியா என்ற கடற்கரை ஊர். 2020 பிப்ரவரியில் அங்கே ஒரு வீட்டில் போலீசார் சோதனை போட்டனர். உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அபூர்வக் கள்ளிகள்! கள்ளச்சந்தையில் மதிப்பு 10 லட்சம் டாலருக்கு மேல்.

அதில் நிறைய 'கோப்பியாபோவா' ரகம். சிலி நாட்டின் வடக்கே, அட்டகாமா பாலைவனக் கரையோரம்தான் இதன் சொந்த ஊர். மழை அபூர்வம். கடலிலிருந்து வரும் பனிமூட்டம்தான் தண்ணி. ஒரு அங்குலம் வளரவே வருஷக்கணக்காகும். சிக்கியவற்றில் சில, நூறு வயசைத் தாண்டிய கிழடுகள்! பலவும் வழியிலேயும் காவலிலேயும் பட்டுப்போயின. 844 செடிகள் 2021-ல் சிலிக்கே திரும்பின.

வீட்டில் வளர்க்க ஆசையா?

தடையில்லை. விதை போட்டு முளைத்த நாற்றாக வாங்க வேண்டும். சரளை கலந்த மண், நல்ல வெயில் போதும். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். பாசத்தில் தினம் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் அழுகி, செடி அவுட்!

நாற்று என்றால் பளிச்சென்று சீராக இருக்கும். உடம்பெல்லாம் வடு, தேய்ந்த முள், வெட்டுப்பட்ட தடித்த வேர் என்றால் பாலைவனத்தில் பெயர்த்ததோ என்று சந்தேகப்படலாம். "எங்கேயிருந்து வந்தது?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் வழவழா என்றால் நடையைக் கட்டுங்கள்.