நெருப்பைப் பழக்குதல் – 11: காற்று எந்த வழியாக வருகிறது?

ஒரு கிலோ தேயிலைத்தூள் செய்ய எவ்வளவு விறகு வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சி.டி.சி. இயந்திரத்தில் அரைபட்டு, நொதித்து, செம்பு நிறத்தில் ட்ரையருக்குள் போகும் இலையில் நூற்றுக்கு எழுபது பங்கு தண்ணீர். வெளியே வரும் தூளில் மிஞ்சுவது மூன்று பங்கு. அப்படியானால் ஒவ்வொரு கிலோ தூளுக்கும் இரண்டேகால் கிலோ தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும். அதற்கு 6 மெகாஜூலுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் போதும். நன்றாக உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் 14 மெகாஜூல் தரும். ஆக, அரைக் கிலோ விறகுகூட வேண்டாம் என்கிறது காகிதக் கணக்கு. நீலகிரியில் இலை வாங்கித் தூளாக்கும் ஆலைகளில் நடைமுறைச் செலவு ஒரு கிலோவைத் தாண்டுவது சகஜம்.

மிச்ச விறகு எங்கே போகிறது? ஒரு பங்கு ட்ரையரின் வெளிக்காற்றோடு போகிறது. மழைக்காலத்தில் வாடல் தொட்டிக்கும் வெதுவெதுப்பான காற்று அனுப்ப வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு பங்கு. கட்டடச் சுவரும் நீளமான காற்றுக் குழாய்களும் கொஞ்சம் தின்கின்றன. இவை எல்லாவற்றையும்விட எளிதாகத் தடுக்கக்கூடியது சிம்னி வழியாகப் போகும் பங்கு. அதைத் தடுக்கப் புது இயந்திரம் வாங்க வேண்டியதில்லை, காற்றை ஒழுங்குபடுத்தினால் போதும் என்பதால்தான் இந்த வாரம் முழுக்க அதையே பேசப் போகிறேன்.

ஆலைக்காரர்கள் ‘ஹீட்டர்’ என்று சொல்லும் அமைப்பு இதுதான்: செங்கல் கட்டிய ஓர் எரியறை. அதில் விறகைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டங்கள், அவற்றுக்குக் கீழே சாம்பல் குழி. எரியறையை அடுத்து வரிசை வரிசையாகக் குழாய்கள். நெருப்பின் சூட்டுவாயு குழாய்க்கு உள்ளே ஓடும். ட்ரையருக்குப் போகும் சுத்தமான காற்று குழாய்க்கு வெளியே உரசிக்கொண்டு சூடேறும். இரண்டும் கலக்கக் கூடாது. குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் தூளில் புகை வாடை ஏறிவிடும். குன்னூர் ஏலத்துக்காக ருசி பார்ப்பவர்கள் ஒரு வாயில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குழாய்களைக் கடந்த வாயுவை ஐ.டி. ஃபேன் இழுத்துச் சிம்னிக்குள் தள்ளுகிறது. அந்த ஃபேனுக்கு முன்னால் இருக்கும் டேம்பர் தகட்டில்தான் முழு ஹீட்டரின் மூச்சும் இருக்கிறது.

விறகு எரிவதை நாம் ஒரே நிகழ்ச்சியாகப் பார்க்கிறோம். உள்ளே நடப்பது மூன்று. முதலில் ஈரம் போகிறது. பிறகு, 200 டிகிரியைத் தாண்டியதும் மரம் சிதைந்து வாயுக்களாகவும் தார் ஆவியாகவும் வெளியேறுகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படிப் பறந்து போகக்கூடியது. நாம் தழலாகப் பார்ப்பது இந்த வாயு எரிவதைத்தான். மிஞ்சும் கரி கடைசியில், சட்டத்தின் மேல், தழலில்லாமல் செக்கச்செவேல் என்று எரிகிறது.

கரிக்குக் கீழிருந்து காற்று வேண்டும். வாயுவுக்கோ விறகுக் குவியலுக்கு மேலே, அது இன்னும் சூடாக இருக்கும் இடத்தில் வேண்டும். பழைய எரியறைகளில் பெரும்பாலானவை அடிக்காற்றை மட்டுமே மனதில் வைத்துக் கட்டியவை. நிலக்கரியில் ஆவியாகும் பகுதி குறைவு, எரிதலின் பெரும்பகுதி சட்டங்களின் மேலேயே முடிந்துவிடும் என்பதால் அதற்கு அந்த அமைப்பு பொருந்தும். அதே சட்டங்களில் கற்பூர மரத்தையோ சீகை மரத்தையோ அடுக்கினால், அடியிலிருந்து வரும் ஆக்ஸிஜனைக் கரி உறிஞ்சிவிடும். மேலே எழும் வாயு பட்டினி கிடக்கும். எரியாத வாயு குழாய்களைக் கடந்து குளிர்ந்துவிட்டால் பிறகு என்ன காற்று கிடைத்தும் பயனில்லை. கார்பன் மோனாக்ஸைடு பற்றிக்கொள்ள 600 டிகிரிச் சூடு வேண்டும். ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் 32.8 மெகாஜூல். பாதியில் நின்று மோனாக்ஸைடாகப் போனால் 9.2 மட்டும். சிம்னியில் கருப்பாகத் தெரிவது கரித்துகள்தான். அதோடு சேர்ந்து போகும் இந்தப் பெரிய நஷ்டத்துக்கு நிறமே கிடையாது.

கோத்தகிரிப் பக்கம் ஓர் ஆலையில் ஃபயர்மேன் ஒருவரோடு இரவு ஷிஃப்டில் நின்றிருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் நெருப்பு முன்னால் நின்றவர். விறகு போட்டபின் எரியறைக் கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்தே வைத்திருந்தார். அதனால் விறகு வீணாகிறது என்று மேலாளர் எத்தனையோ முறை திட்டியிருக்கிறாராம். ஏன் அண்ணா திறந்து வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“சாத்தினா பொகையுது சார். தொறந்தா தெளிவா எரியுது. பொகைஞ்சா அப்புறம் குழாய்ல கரி புடிச்சுக்கும், அதையும் நான்தான் சொரண்டணும்” என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. அவருடைய எரியறைக்கு மேல்காற்று வழியே கிடையாது. அதைத் தன் கைக்குக் கிடைத்த ஒரே வழியில், கதவைத் திறந்து, கொடுத்துக்கொண்டிருந்தார். குறை என்னவென்றால், கதவின் ஒரு சாண் இடைவெளி வழியே புகும் குளிர்ந்த காற்று சோம்பலாக, ஒரே பரப்பாக உள்ளே வந்து, தழலோடு கலக்காமல் அதன் பக்கவாட்டிலேயே நழுவிப் போய்விடுகிறது. போகிற வழியில் எரியறையையும் குழாய்களையும் குளிர்வித்துவிட்டுப் போகிறது. மேலாளருக்கு நஷ்டம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. ஃபயர்மேனுக்குக் காரணம் தெரிந்தது, ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆலைகளில் எரிபொருள் சிக்கனம் பற்றி நடக்கும் கூட்டங்களில் ஃபயர்மேனுக்கு நாற்காலி போடாதவரை இது மாறாது என்பது என் உறுதியான கருத்து.

மேல்காற்று கொடுக்க வேண்டிய முறை வேறு. விறகுக் குவியலுக்கு மேலே, எரியறைச் சுவரில் சிறு சிறு துளைகளாக வைத்து, அவற்றின் வழியே காற்று வேகமாகப் பீய்ச்சி அடிக்க வேண்டும். கிராமத்து அடுப்பில் ஊதாங்குழல் செய்கிற வேலைதான் இது: கொஞ்சக் காற்று, குறுகலான வாய், சரியான இடம். அந்தக் காற்று சூடான சுவருக்குள்ளேயே ஒரு சுற்று வந்து சூடேறிய பின் நுழைந்தால் இன்னும் நல்லது. துளைகளுக்கு வெளிப்புறத்தில் நகர்த்தக்கூடிய ஒரு மூடி கட்டாயம் வேண்டும். ஏனென்றால் தேவை ஒரே அளவில் இருப்பதில்லை. புது விறகு போட்ட சில நிமிடங்களில் வாயு பொங்கி வரும். அப்போது மூடி திறந்திருக்க வேண்டும். விறகு கரியாகிவிட்ட பிறகும் அது திறந்தே கிடந்தால், உள்ளே வருவது வெறும் குளிர்தான். ஒரே தடவையில் எரியறை கொள்ளும் மட்டும் அடுக்கிவிட்டுப் போவதைவிட, சிறிதாகப் பிளந்த விறகைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுவது இதனால்தான் சிறந்தது. அப்போது இந்த ஏற்ற இறக்கம் தணிந்து, காற்றின் தேவையும் ஓரளவு நிதானப்படும்.

இந்தச் சிந்தனை புதிதல்ல. அமெரிக்காவில் பிறந்து பவேரியாவில் பணிபுரிந்த ரம்ஃபோர்ட் பிரபு, 1790களில் மியூனிக் நகரத்தில் ஏழைகளுக்கான தொழிற்கூடத்தின் சமையலறையை அமைத்தபோது, திறந்த நெருப்பை ஒழித்து மூடிய எரியறைகளைக் கட்டினார். சாம்பல் குழியின் கதவில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திறப்பு, புகைபோக்கியில் ஒரு டேம்பர். இரண்டையும் வைத்து நெருப்பை ஆண்டார். விறகை எவ்வளவு போடுவது என்பதைவிடக் காற்றை எவ்வளவு விடுவது என்பதே நெருப்பின் அளவைத் தீர்மானிக்கிறது என்று அன்றே விளங்கிக்கொண்டவர் அவர்.

அவர் கையில் இல்லாத ஒன்று இன்று நம்மிடம் இருக்கிறது. சிம்னியின் அடியில் ஒரு விரல் அளவு துளை போட்டு, வாயு அளக்கும் கருவியின் குழலை உள்ளே விட்டால், மிஞ்சிய ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று திரையில் தெரியும். வெளிக்காற்றில் அது 21. கருவி காட்டும் எண்ணை 21-இலிருந்து கழித்து, மீதியால் அந்த எண்ணையே வகுத்தால், தேவைக்கு மேல் போன காற்றின் அளவு கிடைக்கும். கருவி 7 காட்டினால் தேவையைப்போல ஒன்றரை மடங்கு காற்று போகிறது. கையால் விறகு போடும் ஹீட்டருக்கு இது நல்ல நிலை. 14 காட்டினால் மூன்று மடங்கு. சிம்னி வாயுவின் சூடு இரண்டு நிலையிலும் 250 டிகிரி என்று வைத்துக்கொண்டால், முதல் நிலையில் விறகின் வெப்பத்தில் எட்டில் ஒரு பங்கு சிம்னியோடு போகிறது. இரண்டாவதில் நாலில் ஒரு பங்கு. எட்டு லோடு விறகு வாங்குகிற ஆலையில் ஒரு லோடு இந்த வித்தியாசத்திலேயே கரைகிறது.

கருவி இல்லாத ஆலை என்ன செய்வது? ஒரு ஊதுபத்தி போதும். ஃபேன் ஓடும்போது எரியறைக் கதவின் விளிம்பு, சாம்பல் குழிக் கதவு, செங்கலும் இரும்பும் சேரும் இடம், குழாய்ப்பெட்டியின் மூடிகள் என்று ஒவ்வொரு இணைப்பையும் ஒட்டி ஊதுபத்தியை மெல்ல நகர்த்த வேண்டும். புகை நேராக மேலே போனால் சரி. சட்டென்று வளைந்து உள்ளே இழுக்கப்பட்டால் அங்கே ஓட்டை. நான் பார்த்த இடத்தில் சாம்பல் வாரும் கதவு வளைந்துபோய், கீழ் மூலையில் விரல் நுழையும் இடைவெளி. களிமண்ணும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கயிறும் கொண்டு அடைக்கக்கூடிய ஓட்டைகள் இவை. இவற்றை அடைக்காமல் டேம்பரை எவ்வளவு திருகினாலும் அளவு பிடிபடாது. காற்று தன் இஷ்டத்துக்கு வந்துகொண்டிருக்கும்.

மலைக்கென்று ஒரு கணக்கு தனியாக உண்டு. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். குளிர் கொஞ்சம் ஈடு செய்தாலும், ஒரு கன மீட்டர் காற்றில் ஆக்ஸிஜன் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒரு கிலோ விறகுக்குச் சமவெளியில் 4 கன மீட்டர் காற்று தேவை என்றால் குன்னூரில் ஏறக்குறைய 5 கன மீட்டர். கோயம்புத்தூரில் ஓட்டிப் பார்த்து அளவு குறித்த ஃபேனை அப்படியே மேலே கொண்டுவந்து மாட்டினால் புகைவது இதனால்தான். உடனே இரண்டு மடங்கு பெரிய ஃபேனை வாங்கி மாட்டி, டேம்பரைப் பாதி மூடி வைப்பவர்களும் உண்டு. அது மின்சாரத்தைத் தின்னும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவி பொருத்தினால், ஃபேனின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறையும்போது அது எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கண்ணால் பார்த்துச் சொல்லும் முறையையும் விட்டுவிட வேண்டாம். தழலின் நுனி சிவந்து கருத்து, புகையாக முறிந்தால் மேல்காற்று போதவில்லை. தழல் குட்டையாகி, வெளுத்து, இரைச்சலோடு எரிந்தால் காற்று அதிகம். பளிச்சென்ற மஞ்சள், குழாய் வாய்க்கு முன்பே முடிந்துவிடும் நீளம், சிம்னி வாயில் அனல் அலை மட்டும் என்றால் கை வைக்கத் தேவையில்லை. கருவியின் எண்ணையும் ஃபயர்மேனின் கண்ணையும் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழக்கினால், பிறகு கண்ணே போதும்.

கடைசியாக, சிக்கனத்தைவிட முக்கியமான ஒன்று. ஷிஃப்ட் முடியும்போது நெருப்பை அணையாமல் காக்க, விறகை நிறைத்துவிட்டு டேம்பரை இறுக்கி மூடிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உள்ளே சூடு இருக்கிறது, வாயு கசிந்துகொண்டே இருக்கிறது, ஆக்ஸிஜன் மட்டும் இல்லை. காலையில் வருபவர் கதவைச் சட்டென்று திறந்தால் காற்று பாய்ந்து, தேங்கிய வாயு முழுதும் ஒரே கணத்தில் பற்றி, தழல் கதவு வழியே வெளியே அடிக்கும். புருவமும் முன்கை மயிரும் கருகிய ஃபயர்மேன்கள் சொல்லும் கதை எல்லா ஊரிலும் இதுதான். மூடிய எரியறையிலிருந்து கசியும் மோனாக்ஸைடு, அதே அறையில் படுத்துத் தூங்குபவரின் உயிரையே எடுத்துவிடும். டேம்பரை ஒருபோதும் முழுதாக மூடக் கூடாது; அது முழுதாக மூடாதபடி தகட்டின் ஓரத்தை வெட்டிவிடுவது இன்னும் பாதுகாப்பு. திறக்கும்போது முதலில் டேம்பர், பிறகு ஃபேன், ஒரு நிமிடம் பொறுத்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு, கதவை விரற்கடை அளவு மட்டும். உள்ளே தழல் நிதானமாகத் தெரிந்த பிறகே முழுக் கதவும்.

விறகின் ஈரத்தைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)