இந்த ஒரு கட்டையை மட்டும் எரிச்சிடுங்க

தோட்டத்தில் விளைந்த எதையும் எரிக்கக் கூடாது. மட்டை, ஓலை, பாளை எல்லாம் மூடாக்குக்குத்தான். இயற்கை விவசாயத்தில் நாம முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இது. ஆனால் அடித்தண்டழுகல் நோயில் பட்டுப்போன தென்னையின் அடிக்கட்டைக்கு இந்த விதி பொருந்தாது.

1952-ல் புயலுக்குப் பிறகு தஞ்சாவூர் பகுதியில் கவனத்துக்கு வந்ததால், இதைத் 'தஞ்சாவூர் வாடல்' என்றும் சொல்வார்கள். காரணம், கானோடெர்மா என்ற பூஞ்சாணம். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையே கரைத்துத் தின்னக்கூடியது. காட்டில் விழுந்த மரத்தை மக்கவைத்து மண்ணாக்குவதும் இந்த மாதிரிப் பூஞ்சாணங்கள்தான். அங்கே நண்பன், தோப்பில் உயிருள்ள வேருக்குள் புகுந்தால் எமன்.

முதலில் வேர் அழுகும். அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும், குரும்பை கொட்டும், தண்டின் அடியில் செம்பழுப்பு நீர் வடியும். மழைக்காலத்தில் அடிமரத்தில் பளபளப்பான பழுப்புக் காளான் முளைக்கும்போது, மரம் வாராக்கடன் ஆகிவிட்டது என்று அர்த்தம். இனி காப்பாற்ற வேண்டியது பக்கத்து மரங்களைத்தான்.

பூஞ்சாணம் செத்த கட்டையிலும் வேரிலும் தங்கியிருந்து, மண்வழியாகப் பக்கத்து வேருக்குப் போகும். அதனால் மரத்தை வெட்டினால் மட்டும் போதாது. தூரோடும் வேரோடும் தோண்டி எடுத்து எரிச்சிடுங்க. கம்போஸ்ட் குழியில் போட வேண்டாம். நோய் கண்ட மரத்தைச் சுற்றிக் குழி வெட்டித் தனிமைப்படுத்துங்க.

பரமத்தி வேலூர், மோகனூர் வாய்க்கால் பாசனத்தில் மரத்துக்கு மரம் தண்ணீர் ஓடவிடும் பழக்கம் உண்டு. நோய் உள்ள தோப்பில் அது ஆகாது. தனித்தனி வட்டப்பாத்தி கட்டுங்க. சொட்டுநீர் இன்னும் நல்லது. டிராக்டரை விட்டு ஆழ உழுது வேரை அறுக்காதீங்க. நல்ல மரம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், சூடோமோனாஸ் 200 கிராம் கொடுங்க. தண்ணீர் வசதி இருந்தால் ஊடுபயிராக வாழை வையுங்க.

வாழப்பாடிப் பக்கத்துப் பாக்குத் தோப்புக்காரர்களும் கவனிக்கணும். கமுகையும் இது விடாது. தோப்போரத்துப் புங்க மரத்திலும் தங்கும். மழை விட்டதும் ஒருநாள், மரங்களை அண்ணாந்து பார்க்காமல், அடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே தோப்பைச் சுற்றி வாங்க.