தலசீமியா: உறங்க வேண்டியதும் விழிக்க வேண்டியதும்

ஆறு மாதம் வரை நன்றாக இருந்த குழந்தை மெல்ல மெல்ல வெளிறிப் போகிறது. பால் குடிக்க மறுக்கிறது. வயிறு உப்புகிறது. இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் பயனில்லை. பெரிய வைத்தியசாலையில் குருதியைச் சோதித்த பின்னரே தலசீமியா என்று தெரிய வருகிறது. "பிறக்கும்போது இல்லாத நோய் இப்போது எங்கிருந்து வந்தது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பல்லேகல, திகன, குண்டசாலைப் பகுதி மக்களும் இதற்கான விடையை அறிந்திருப்பது நல்லது.

பெரட்டுக் களம்

தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு எல்லோரும் வந்து நின்றாலும், பெயர் கூப்பிடப்பட்டவர்களே மலைக்குப் போவார்கள். நமது உடற்கலங்களிலும் இப்படித்தான். பரம்பரை அலகுகள் எல்லாம் இருக்கும். கூப்பிடப்பட்டவை மட்டுமே வேலை செய்யும்.

குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின், அல்பா, பீற்றா என்னும் இருவகைப் புரத இழைகளால் ஆனது. கருவில் பீற்றா அலகு பெரும்பாலும் உறங்குகிறது. அதன் இடத்தில் காமா என்னும் அலகு உழைக்கிறது. பிறந்த சில மாதங்களில் காமா அடங்கி, பீற்றா விழிக்கிறது. பழுதான பீற்றா அலகுகளை உடைய பிள்ளைக்கு அப்போதுதான் நோய் வெளிப்படுகிறது.

துண்டு விழுவதும் கூடுவதும்

எல்லாப் பழுதும் ஒரே விதமல்ல. பீற்றா அலகில் பெரும்பாலும் ஓர் எழுத்துப் பிழை போன்ற சிறு மாற்றமே நிகழ்கிறது. அல்பா அலகிலோ துண்டே விழுந்துவிடுகிறது. 16ஆம் நிறமூர்த்தம் ஒவ்வொன்றிலும் ஒன்றையொன்று ஒத்த இரு அல்பா அலகுகள் அடுத்தடுத்து உள்ளன. முட்டையும் விந்தும் உருவாகும்போது நிறமூர்த்தச் சோடிகள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். அப்போது வரிசை பிசகினால் ஒன்றுக்கு ஓர் அலகும் மற்றதற்கு மூன்றும் சேரும். நான்கில் ஒன்று குறைந்தால் பெரிய தீங்கில்லை. நான்கும் இல்லாவிட்டால் கரு பிழைப்பது அரிது.

இழப்பு எப்போதும் கேடாவதில்லை. சிலரில் பீற்றாவுக்கு அருகே ஒரு பெருந்துண்டு இல்லாததால் காமா அடங்காமல் தொடர்ந்து உழைக்கிறது. அவர்கள் சுகமாகவே வாழ்கிறார்கள். அல்பாவும் பீற்றாவும் கூடப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதை அலகு இரட்டித்துப் பிரிந்ததால் வந்தவையே.

மலேரியா விட்டுச்சென்றது

இந்தப் பழுது ஏன் அழியவில்லை? நோய்க்காவிகள் மலேரியாவைத் தாங்கிப் பிழைத்திருக்கலாம் என்று 1949இல் ஹால்டேன் என்ற அறிஞர் கூறினார். 1934-35இல் மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகி, நுளம்பு பெருகியபோது இலங்கையில் சுமார் 80,000 பேர் மாண்டனர். இத்தகைய கொள்ளைநோய்கள் தலைமுறை தலைமுறையாகக் காவிகளைத் தப்பவைத்தன. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மலேரியா போய்விட்டது, பழுதான அலகு நம்மிடம் தங்கிவிட்டது.

சிகிச்சை

கடும் நோயுள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டும். அதனால் இதயத்திலும் ஈரலிலும் சேரும் இரும்பை மருந்தால் வெளியேற்ற வேண்டும். காமாவை உறங்க வைப்பதில் பிசிஎல்11ஏ என்னும் அலகுக்குப் பெரும் பங்குண்டு என்பதை 2008இல் விஜய் சங்கரன், ஸ்டுவர்ட் ஓர்கின் குழுவினர் கண்டனர். அதை அடக்கிக் காமாவை மீண்டும் எழுப்பும் சிகிச்சையை 2023 இறுதியில் பிரித்தானியா ஏற்றது. ஆனால் அதன் செலவு சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது.

நாம் செய்யக்கூடியது

இலங்கையில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் பீற்றா தலசீமியாக் காவிகள். அவர்கள் நோயாளிகள் அல்லர். இரு காவிகள் மணந்தால் மட்டுமே, ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு பங்கு, பிள்ளைக்குக் கடும் நோய் வர வாய்ப்புண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவில் முடிப்போர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஒரே பழுது இரு வீட்டிலும் இருக்கலாம்.

எனவே சாதகம் பார்ப்பதற்கு முன் குருதியைப் பாருங்கள். முழுக் குருதிக் கணக்கெடுப்பில் செங்கலங்கள் சிறியவையாக இருந்தால் மேலதிகச் சோதனை தேவை. மருத்துவமாதுவிடம் விசாரியுங்கள். இரும்பு மாத்திரை விழுங்கியும் தொடர்ந்து வெளிறியிருக்கும் பெண்ணைச் சோதிக்காமல் விடவேண்டாம். காவி என்று தெரிந்தால் யாரையும் ஒதுக்கவும் வேண்டாம். காவியல்லாத துணையோடு அவர் அச்சமின்றி வாழலாம்.