ரோட்டரி, லயன்ஸ் கிளப்பில் சேரலாமா? சந்தா கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

ரத்த தான முகாம், இலவசக் கண் சிகிச்சை முகாம் பேனர்களில் ரோட்டரி, லயன்ஸ் சின்னங்களைப் பார்த்திருப்போம். ‘இதெல்லாம் பெரிய பிசினஸ்காரங்க விஷயம், நமக்கு செட் ஆகாது’ என்று கடந்தும் போயிருப்போம். ஆனால், வேலைக்காகப் புது ஊருக்கு வந்து, ஆபீஸும் ரூமும் தவிர வேறெதுவும் தெரியாமல் இருப்பவர்களுக்கு இவை நல்ல வாசல்.

ரோட்டரி தொடங்கியதே அப்படித்தான். சிகாகோவுக்குப் பிழைக்க வந்த வழக்கறிஞர் பால் ஹாரிஸ், சிறிய ஊரில் கிடைக்கும் நட்பு நகரத்திலும் வேண்டும் என்று நினைத்து, 1905-ல் மூன்று பேருடன் கூடினார். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் சுழற்சி முறையில் கூடியதால் ரோட்டரி என்று பெயர். நட்பு முதலில், சேவை பிறகு. லயன்ஸ் 1917-ல் வந்தது. சென்னையில் ரோட்டரி 1929-லிருந்து இருக்கிறது.

யார் சேரலாம்?

ரோட்டரியின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்டில் 18 வயது முதல் சேரலாம். ஜேசிஐ 18 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கானது. லயன்ஸின் லியோ கிளப்பில் 30 வயது வரை இருக்கலாம். 1980-களின் பிற்பகுதி வரை ரோட்டரியும் லயன்ஸும் ஆண்களுக்கு மட்டுமே. இப்போது அந்தத் தடை இல்லை.

எப்படிச் சேர்வது?

பெரும்பாலும் அழைப்பின் பேரில்தான். தெரிந்தவர் யாரும் இல்லையா? கவலை வேண்டாம். அருகில் உள்ள கிளப்பைத் தொடர்புகொண்டு, ‘விருந்தினரா ஒரு கூட்டத்துக்கு வரலாமா?’ என்று கேளுங்கள்.

என்ன கவனிக்கணும்?

ஒரு கூட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முடிந்தால் ஒரு முகாமுக்கும் போங்கள். பொன்னாடை, போட்டோ முடிந்ததும் எத்தனை பேர் நிற்கிறார்கள், நாற்காலியை யார் எடுத்து வைக்கிறார்கள் என்று பாருங்கள். கிளப்பின் உண்மை முகம் அங்கே தெரிந்துவிடும்.

பிறகு மூன்று கேள்விகள்: போன வருஷம் என்ன செய்தீர்கள்? வரவு செலவுக் கணக்கை உறுப்பினர்களுக்குக் காட்டுகிறீர்களா? புதிதாக வருபவருக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில், நாலு மாதத்தில் ஆர்வம் போய்விடும்.

எவ்வளவு செலவாகும்?

கிளப்புக்கு கிளப் மாறும். சந்தாவை மட்டும் கேட்காமல், கூட்டச் சாப்பாடு, திட்டங்களுக்கான பங்களிப்பு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள். வேறு கிளப்பும் இருக்கும்.

எப்போது போகலாம்?

ரோட்டரி, லயன்ஸ் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்று, வேலையைப் பிரித்துக்கொடுக்கும் நேரம் அது. அப்போது போனால், உங்களுக்கும் ஒரு வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம்.